மோட்டார் சத்தமும் உன் பள்ளிக்கூடமும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். நீ கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் கம்பெனியில், கம்பி சுற்றுகிற வைண்டிங் பிரிவுக்கே சூப்பர்வைசராக உட்காருவாய் என்று சொன்னேன். உனக்குக் கீழே ஆம்பளைகள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று சொன்னேன். ஆற்றுத் தண்ணீரை நம்பி உட்கார்ந்திருக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லாம் ஒருநாள் பிள்ளைகளை வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் ஏற்றி அனுப்பிவிட்டு, போன் மணி அடிக்குமா என்று காத்திருப்பார்கள் என்றும் சொன்னேன். திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில், டீக்கடை பெஞ்சில், சாட்சிகளோடு சொன்னது. அந்தச் சாட்சிகளில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. மீதிப் பேருக்கு ஞாபகமறதி. அதற்கு நான் என்ன செய்ய முடியும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, உன் போன். உன் பையன் பத்தாவது முடித்துவிட்டான். உன் வீட்டுக்காரர் பெயர் போட்ட பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிற பெரிய பள்ளிக்கூடத்தில் பணம் கட்டலாம் என்கிறார். பையனோ, உங்கள் பேட்டைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அரசுப் பள்ளியில், தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்தால் போதும் என்கிறான். கையெழுத்துப் போட வேண்டியது நீ. கடைசித் தேதி நெருங்கிவிட்டது. அப்போது நீ சொன்னாய்: “எனக்காச்சும் ஏழு வயசுலயே தெரிஞ்சுது சித்தப்பா. இவனுக்கு அப்படி ஒண்ணுமே தெரியலையே. பேன் ரிப்பேர்னாகூட எட்டிப் பார்க்க மாட்டான். எந்த நம்பிக்கையில அங்க விடறது?” நான், யோசித்துச் சொல்கிறேன் என்றேன். என் ஆயுளில் ஒரு கேள்விக்கு யோசித்துச் சொல்கிறேன் என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்பதை நீ கவனித்திருப்பாய். போனில் பேசினால் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. அதனால் எழுதுகிறேன். எட்டாவதைப் பாதியில் விட்டவன் எழுதுவதால் பிழை இருக்கும். பாதியில் விட்டதும் நானாக விட்டதுதான். அதற்குமேல் சொல்லிக்கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை.

உன் அப்பா கொத்தனார் வேலைக்கு மஸ்கட் போனபோது நீ உன் அம்மா இடுப்பில் இருந்தாய். வீட்டையும் வயலையும் உங்கள் இருவரையும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார். நான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பெண் கொடுக்கச் சுற்றுவட்டாரமே வரிசையில் நின்றது, எனக்குத்தான் நேரமில்லாமல் போயிற்று. ஆகவே உன்னைப் பெற்றவர் அவராக இருந்தாலும், சைக்கிள் பாரில் உட்கார வைத்துப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டது, காய்ச்சலுக்கு ஊசி போடும்போது உன் கடியை வாங்கியது, உறுதிபூசுதல் சடங்கு அன்றைக்கு மாதா கோயிலில் உன் பின்னால் நின்றது எல்லாம் நான். நான் உன்னை மகள் என்று எழுதினால் எவனும் மறுக்க முடியாது.

அந்தக் காலத்தில் போன் என்பது சும்மா இல்லை. மஸ்கட்டிலிருந்து லீவில் வந்தவர் யாராவது திரும்பிப் போனால், ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் நடுவில் ஒரு கேசட்டைச் சொருகிவிடுவோம். வீட்டில் நடந்ததையெல்லாம் அதில் பேசி அனுப்ப வேண்டும். உன் அம்மா டேப் ரிக்கார்டர் முன்னால் உட்கார்ந்தால் “நல்லா இருக்கோங்க” என்பதோடு எழுந்து போய்விடுவார். மிச்ச கேசட்டை நான்தான் நிரப்புவேன். கோயில் மணியை எடுத்து அனுப்பினேன். மழையை எடுத்து அனுப்பினேன். ஒரு தடவை தவளை மட்டும் ஒரு பக்கம் முழுக்க. மஸ்கட்டில் அந்த ரூமில் இருந்தவர்களெல்லாம் படுத்துக்கொண்டே அதைக் கேட்டார்கள் என்று உன் அப்பா பதில் கேசட்டில் சொன்னார். ரேடியோவில் எனக்கு வேலை கிடைத்திருக்கும். யாரும் கேட்கவில்லை.

அப்படி ஒரு கேசட்டில்தான் உன் கதை போனது. ஆறு நேரத்துக்கு வராது என்று ஆகிவிட்ட பிறகு, உன் அப்பா அனுப்பிய பணத்தில் வயலில் குழாய் இறக்கி மோட்டார் வைத்திருந்தோம். உனக்கு ஏழு வயது. ஓடுகிற மோட்டார் முன்னால் நின்று தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டாய். “சித்தப்பா, உள்ள ஏதோ உருளுறது சரியில்ல. கரகரன்னு அரைக்குது” என்றாய். நீ அன்றைக்குப் பச்சைப் பாவாடை கட்டியிருந்ததாகவும் சொல்வாய். நான் டேப் ரிக்கார்டரை மோட்டார் கொட்டகைக்கே தூக்கிக்கொண்டு போய் அந்தச் சத்தத்தைப் பதிந்தேன். “அண்ணே, இதைக் கேளுங்க. உங்க பொண்ணு இதைக் கேட்டுட்டு என்ன சொன்னா தெரியுமா” என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். உன் அப்பாவின் ரூமில் பாபநாசத்துக்காரர் ஒருவர் இருந்தார், பம்ப் மெக்கானிக். அவர் காதை ஸ்பீக்கரில் வைத்துக் கேட்டுவிட்டு, “பேரிங் போயிருக்குங்க. புள்ள சொன்னது ரைட்டு” என்றாராம். அடுத்த கேசட் முழுக்க உன் அப்பா அதைத்தான் பேசினார். அதன் பிறகு லீவில் வரும்போதெல்லாம், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரனிடம்கூட அந்தக் கதையைச் சொன்னார்.

நீ பத்தாவது முடித்த வருஷம் நாட்டில் எல்லாமே திறந்துகொண்டிருந்தது. புது கம்பெனி, புது கார், எங்கே பார்த்தாலும் கம்ப்யூட்டர் என்று பேச்சு. உன் அம்மாவுக்கு ஒரே ஆசை, தஞ்சாவூரில் அந்தப் பெரிய இங்கிலீஷ் பள்ளியில், டையும் ஷூவுமாக நீ ஹாஸ்டலில் இருக்க வேண்டும், டாக்டராக வர வேண்டும். நானும் முதலில் அதற்குத்தான் ஆடினேன், மறைப்பானேன். மூவரும் போனோம். ஆபீஸ் அறையில் ஒரு அம்மா, நல்ல மாதிரிதான், உன்னைப் பார்த்து இங்கிலீஷில், உன் லட்சியம் என்ன என்று கேட்டார். நீ தரையைப் பார்த்தாய். நான் சும்மா இருப்பேனா. “மை பிரதர் மஸ்கட்” என்றேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் உச்சரிப்பு அப்படி. ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ ஜன்னலோரமாக உட்கார்ந்து, தஞ்சாவூர் தாண்டி வெகுதூரம் வரை வாயே திறக்கவில்லை. அதை நான் பார்த்தேன். நான் பார்க்காதது எது.

நெல் மில்லுக்குப் பின்னால் இருந்த அரசுப் பள்ளியை எனக்குக் காட்டியது யாருமில்லை, நம் மோட்டார்தான். எரிந்துபோன மோட்டார்களை அங்கே பிள்ளைகள் புதுக் கம்பி சுற்றிக் கட்டித் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரிக்கப் போனேன். பள்ளிக்கூடம் மொத்தமும் நம் தெருப் பிள்ளைகள் அளவுக்குத்தான். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார். பின்பக்கம் தகரம் போட்ட ஷெட். அதுதான் தொழிற்பிரிவு. மறுநாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது. வாத்தியார் முழங்கை வரை கரியோடு வந்தார்.

“யாருங்க படிக்கப் போறது, நீங்களா?”

“நம்ம பாப்பாங்க.”

“பொம்பளப் புள்ளைங்க இதுவரைக்கும் யாரும் சேரலைங்க.”

“இப்ப சேருது.”

“சேரட்டும், எனக்கென்ன. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். வந்த உடனே வைண்டிங் கிடையாது. முதல்ல எரிஞ்ச மோட்டாரைப் பிரிக்கணும். ஏன் எரிஞ்சுதுன்னு சொல்லணும். அதைச் சரியாச் சொல்ற வரைக்கும் புதுக் கம்பியை நான் கையில குடுக்க மாட்டேன். சில பேருக்கு இதுலயே பொங்கல் வந்துடும்.”

நான் ஏதோ நல்ல பதிலாக யோசித்துக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னாலிருந்து நீ கேட்டாய்: “எல்லா மோட்டாரும் ஒரே மாதிரியா சார் எரியும்?”

அவர் என்னை விட்டுவிட்டு உன்னைப் பார்த்தார். “இல்ல. வா, காட்டறேன்” என்று உள்ளே போனார். நீ பின்னாலேயே போனாய். நான் வெளியே நின்று ஹெட்மாஸ்டருக்குப் பள்ளிக்கூடம் நடத்துவது எப்படி என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நீ திரும்பி வரும்போது உன் பாவாடையில் கரி. வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தாய்.

வீட்டில் கோர்ட் கூடியது. பாபநாசத்திலிருந்து உன் பெரிய அத்தை கிளம்பி வந்துவிட்டார். “மஸ்கட் காசுல பொண்ணைக் கரண்டு கம்பத்துல ஏத்தப் போறீங்களா? எந்த மாப்பிள்ளைடா வருவான், பியூஸ் போனாக் கூப்பிடவா?” என்றார். உன் அம்மா அடுப்படிக்குப் போனார். பாத்திரங்கள்தான் பேசின. கடைசியில் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் நானும் உன் அம்மாவும் ஒரே ரிசீவரில் காதை வைத்து நின்றோம். வெளியே நீ நின்றாய், சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படிக்கிற மாதிரி.

“என்னடா, உன் அண்ணி டாக்டருங்கிறா, நீ என்னமோ மோட்டாருங்கிறே?” என்றார் உன் அப்பா.

“புள்ளைக்கு அங்கதாண்ணே முகம் தெளிஞ்சுது.”

“பொம்பளப் புள்ளடா.”

மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் தானாகவே சிரித்தார். “அதுவும் சரிதான். ஏழு வயசுல சத்தத்தை வச்சே பேரிங்கைச் சொன்ன புள்ள. வேற எங்க போய்ப் படிக்கும்? அங்கேயே சேத்து விடு” என்றார்.

உன் அம்மா ரிசீவரிலிருந்து காதை எடுத்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். பார்த்துவிட்டு, “சரிங்க” என்று போனில் சொன்னார்.

அதற்கப்புறம் நடந்தது உனக்கே தெரியும், ஆனாலும் சொல்கிறேன், எனக்குச் சொல்லப் பிடிக்கும். பிரிக்கிற வேலை தாண்டி நீ கம்பி சுற்ற ஆரம்பித்தாய். விரலெல்லாம் கோடு கோடாக அறுத்திருக்கும். சோறு பிசைய முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டாய். நீ கட்டிய முதல் மோட்டாருக்குக் கரண்டு கொடுத்ததும் புகை வந்தது. “மேரி சாம்பிராணி போடுதுடா” என்று உன் பெயரைச் சொல்லிப் பையன்கள் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு வந்து புத்தகப் பையைக்கூட இறக்காமல், “எனக்கு வரல சித்தப்பா. வேற குரூப்புக்கு எழுதிக் குடுத்துடறேன்” என்று அழுதாய். நான் என்ன சொன்னேன்? “ஏழு வயசுல யாரும் சொல்லிக் குடுக்காமக் கண்டுபிடிச்சவ நீ. இப்பவா வராது?” என்றேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அப்ப எப்படி எனக்குத் தெரிஞ்சுது?” என்று கேட்டாய். “அது உனக்குள்ளேயே இருக்கு” என்று தைரியமாகச் சொன்னேன். மறுநாள் காலையில் நீ எனக்கு முன்னால் சைக்கிள் அருகில் நின்றாய்.

அடுத்த குறுவைக்கு ஆற்றில் மணல்தான் ஓடியது. நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தபோது நம் மோட்டார் எரிந்தது. டவுன் கடையில் எரிந்த மோட்டார்கள் வாசல் வரை வரிசையாக இருந்தன. “நம்ம ஷெட்டுக்குக் கொண்டு போவோம்” என்றாய். டிராக்டரில் ஏற்றினோம். நீ பிரித்தாய். வாத்தியார் தள்ளி நின்றார், கையை நீட்டவே இல்லை. நீ உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்து என்னைக் கேட்டாய்: “சித்தப்பா, மூணு பேஸ் கரண்டு வராத நேரத்துல கண்டன்சர் போட்டு ரெண்டு பேஸ்ல ஓட்டுனது யாரு?”

“சே, சே. வெயில் சூடா இருக்கும்.”

“வெயில்ல எரிஞ்சா எல்லாக் காயிலும் கருகணும். இங்க ஒரு பேஸ் காயில் புதுசா இருக்கு, பாருங்க. பொய் சொல்லாதீங்க.”

வாத்தியார் வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினார். கண்டன்சர் போட்டது நான்தான். ஊரே போட்டது, நான் போட்டால் என்ன. அந்த மோட்டாரை நீயே கட்டினாய். வயலில் கொண்டுவந்து இறக்கி ஸ்விட்சைப் போட்டபோது, நாங்கள் எல்லோரும் குழாய் வாயைப் பார்த்தோம். நீ மட்டும் மோட்டார் பக்கம் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றாய். தண்ணீர் குபுகுபுவென்று வந்து வாய்க்காலில் விழுந்தது. உன் அம்மா அதில் கையைக் கழுவி, முகத்தில் தேய்த்துக்கொண்டார். அதற்கப்புறம் டாக்டர் என்ற பேச்சு அவர் வாயில் வரவில்லை.

பாலிடெக்னிக், கோயம்புத்தூர், கம்பெனி, கல்யாணம் எல்லாம் அந்த வாய்க்கால் வழியாகவே போனது என்று நான் சொல்வேன். அத்தை பயந்த மாதிரி மாப்பிள்ளைக்குப் பஞ்சமில்லை. நிச்சயதார்த்தத்தில் உன் அப்பா சம்பந்தி வீட்டாரை உட்கார வைத்துப் பேரிங் கதையைத்தான் முதலில் சொன்னார். கண்ணை மூடுவதற்கு முந்தின மாதம்கூட, பார்க்க வந்த சாமியாரிடம் சொன்னார்.

இப்போது உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் பார்ப்பதில் இந்த ஜில்லாவில் எனக்கு இணை கிடையாது, கேட்டுக்கொள். முதலில் கட்டடத்தைப் பார்க்காதே. எந்தப் பள்ளியில் வாத்தியார் உன்னை விட்டுவிட்டுப் பையனிடம் பேசுகிறார் என்று பார். போர்டில் போட்டிருக்கும் மார்க்கையும் படங்களையும் பார்க்காதே, அங்கே படிக்கிற பிள்ளைகளின் கையைப் பார். பணம் கொடுக்கிற பள்ளி, கொடுக்காத பள்ளி என்று மானம் பார்க்காதே. வீட்டுக்கு வரும் வழியில் பையன் பேசிக்கொண்டு வந்தானா, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தானா, அது முக்கியம். உன் வீட்டுக்காரர் நல்ல மனிதர். அவரையும் ஒருநாள் அந்தச் சின்னப் பள்ளியின் ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போ. வெளியே நின்று முடிவு பண்ணுவது சுலபம், உள்ளே போனால் வாசனையே பாதி பேசிவிடும்.

நீ போனில் இன்னொன்று சொன்னாய், சொன்னது உனக்கே நினைவிருக்காது. அந்தச் சின்னப் பள்ளியைப் பார்க்கப் போனபோது பையன் அங்கிருந்த வாத்தியாரிடம், “பழைய கம்பியை எரிச்சு எடுக்கறீங்களே, எரிக்காம எடுக்க முடியாதா சார்?” என்று கேட்டானாம். அதிகப்பிரசங்கி என்று நீ அலுத்துக்கொண்டாய். நான் இந்தப் பக்கம் போனைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீ தேடுகிற அடையாளம் அதுதான். நீ அதற்காக அவனுடைய ஏழு வயதில் போய்த் துழாவிக்கொண்டிருக்கிறாய்.

அதனால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. உன் அப்பா இருந்தவரை எழுத முடியவில்லை, இப்போது எழுதாமல் இருக்க முடியாது.

பேரிங் போனது நிஜம். கேசட் நிஜம். பாபநாசத்துக்காரர் சொன்னதும் நிஜம். ஆனால் பேரிங் போய்விட்டது என்று அன்றைக்குச் சொன்னது டவுனிலிருந்து வந்த மெக்கானிக், நீ இல்லை. மோட்டார் என்றாலே உனக்குப் பயம். ஸ்விட்சைப் போட்டதும் ஓடிப்போய் உன் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால், இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு நின்றாய். உன் அப்பா உன் முகத்தை மறந்துகொண்டு அவ்வளவு தூரத்தில் இருந்தார். உன்னைப் பற்றிப் புதிதாக ஏதாவது சொல்ல வேண்டும். பல் விழுந்ததைப் போன கேசட்டிலேயே சொல்லிவிட்டேன். அதனால் மெக்கானிக் சொன்னதை எடுத்து உன் வாயில் வைத்தேன். தலையைச் சாய்த்துக் கேட்டது அப்புறம் குறுவையில் நீ நிஜமாகவே நின்ற கோலம், அதை நான் பிறகு ஏழு வயதுக் கதையில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பச்சைப் பாவாடை மட்டும் நான் சொன்னதில்லை. அது நீயாகச் சேர்த்தது. நம் குடும்பத்துப் பெண் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. உன் அம்மாவுக்கு எல்லாம் தெரியும், முந்தானை அவருடையதுதானே. பூத்தில் அவர் என்னைப் பார்த்தது அதற்காகத்தான். தெரிந்தும் சரிங்க என்றார்.

மற்றதெல்லாம் நடந்தது, ஹெட்மாஸ்டர் எழுந்து நின்றது உட்பட. கையெழுத்துப் போட்டுப் பையனை அங்கே விடு. நான் முன்னாடியே சொன்னேன் என்று ஆரம்பத்தில் எழுதியதை மட்டும் அடித்துவிட்டுப் படி. அன்றைக்கு எனக்கும் தெரியாது, உன் அம்மாவுக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாமல்தான் பாப்பா, நீ அந்த வாத்தியார் பின்னாலேயே ஷெட்டுக்குள் போனாய்.

உன் சித்தப்பா